ரோக்லைக் ஆட்டத்தில் செத்தபின் மிஞ்சுவது என்ன?

கைப்பேசியில் பிளே ஸ்டோரைத் திறந்து ‘பிக்சல் டஞ்சன்’ என்று தேடினால், அந்தப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்ட ஆட்டங்கள் வரிசையாக வந்து நிற்கும். பலவற்றிலும் அதே நிலவறை, அதே எலி, அதே நண்டு. அவற்றுள் ‘ஷாட்டர்ட் பிக்சல் டஞ்சன்’ ஆண்ட்ராய்டில் காசில்லாமல் கிடைக்கிறது; அதே ஆட்டத்துக்கு ஸ்டீம் கடையிலும் ஐஃபோனிலும் விலை வைத்திருக்கிறார்கள். கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ கல்லூரியில் படிக்கும் பிள்ளை இதை ஆடுவதைப் பார்க்கும் பெற்றோருக்கு மூன்று ஐயங்கள் எழுவது இயல்பு. ஒரே ஆட்டத்தை இத்தனை பேர் தம் பெயரில் போடுவது திருட்டு ஆகாதா? இலவசம் என்றால் விலை எதற்கு? உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே பெட்டியைத் திறப்பதும், தோற்றால் சேர்த்ததெல்லாம் போவதுமான இந்த ஆட்டம், 2025 ஆகஸ்டில் வந்த ஒன்றியச் சட்டம் தடை செய்த ஆட்டங்களின் கணக்கில் வருமா?

மூன்றுக்கும் விடை ஆட்டத்தின் உள்ளமைப்பிலும் அதன் உரிமத்திலும் இருக்கிறது. இந்த வகை ஆட்டங்களுக்கு ‘ரோக்லைக்’ என்ற பெயர் வந்த கதையிலிருந்து தொடங்கினால் இரண்டும் எளிதில் புரியும்.

## எழுத்துகளால் ஆன நிலவறை

1980 வாக்கில், சான்டா குரூஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்த மைக்கேல் டாயும் கிளென் விக்மனும் ‘ரோக்’ என்ற ஆட்டத்தை எழுதினார்கள். அன்றைய சாகச ஆட்டங்களில் கதையும் வழியும் மாறாதவை. ஒருமுறை முடித்தவருக்கு மறுமுறை ஆட ஒன்றும் இருக்காது. எழுதியவருக்கோ முதல் முறையே ஒன்றும் இருக்காது. தாங்கள் எழுதிய ஆட்டம் தங்களையே திகைக்க வைக்க வேண்டுமானால், நிலவறையை ஒவ்வொரு முறையும் கணினியே புதிதாக வரைய வேண்டும் என்பது அவர்கள் கண்ட வழி.

ரோக்கில் படம் கிடையாது. எழுத்துகளை மட்டும் காட்டும் டெர்மினல் திரையில் வேண்டிய இடத்தில் எழுத்தை நிறுத்த உதவும் ‘கர்சஸ்’ என்ற நிரல் தொகுப்பை எழுதிய பெர்க்லியின் கென் ஆர்னால்டு பின்னர் இந்த ஆட்டத்திலும் சேர்ந்துகொண்டார். ஆடுபவர், இன்று நாம் மின்னஞ்சல் முகவரியில் தட்டும் ‘அட்’ குறி. எதிரிகள் ஆங்கிலப் பெரிய எழுத்துகள். 26 எழுத்துக்கு 26 வகை. நிலவறையின் ஆழத்தில் கிடக்கும் ‘யெண்டோர் தாயத்தை’ எடுத்துக்கொண்டு உயிரோடு மேலேறி வந்தால் வெற்றி.

1983இல் வெளியான 4.2 பிஎஸ்டி இயக்குதளத்தோடு சேர்ந்து ரோக் பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது. ஆனால் ஆட்டம் பரவிய அளவுக்கு அதன் மூல நிரல் பரவவில்லை. மூல நிரல் என்பது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவம். கணினி நேரடியாக ஓட்டும் வடிவம் அதிலிருந்து செய்யப்படுவது. பின்னதை மட்டும் வைத்திருப்பவர் ஆடலாமே ஒழிய, திருத்த முடியாது. ஆகவே ரோக்கைப் போல ஒன்றைச் செய்ய விரும்பிய ஜே ஃபென்லேசன் என்ற பள்ளி மாணவரும் அவருடைய நண்பர்களும் ‘ஹேக்’ என்ற ஆட்டத்தை முதல் வரியிலிருந்து தாமே எழுத வேண்டியதாயிற்று. அதை ஆந்திரீஸ் பிரவுவர் விரித்தெழுதி, இம்முறை மூல நிரலோடு, கணினிகளுக்கிடையே செய்தி பகிரும் வலையமைப்பான யூஸ்நெட் வழியாகப் பொதுவில் வைத்தார். அதன் மேல் பலர் ஊர் ஊராக இருந்துகொண்டே வலையில் கூடி எழுதியதால் 1987இல் வெளிவந்த அடுத்த ஆட்டத்துக்கு ‘நெட்ஹேக்’ என்று பெயர் வந்தது. ‘நெட்’ என்பது ஆடும் முறையைக் குறிக்கவில்லை. எழுதிய முறையைக் குறிக்கிறது. நெட்ஹேக்கை இன்றும் திருத்தி வருகிறார்கள். ஆட்டம் ஒன்று தன்னை எழுதியவரின் ஆர்வம் தீர்ந்த பிறகும் பிழைத்திருக்க நிரல் பொதுவில் இருந்தாக வேண்டும் என்பதை இந்த ஆட்ட வகை தன் முதல் பத்தாண்டிலேயே கற்றுக்கொண்டுவிட்டது.

## ரோக்கைப் போன்றது என்றால் எதில்?

‘ரோக்லைக்’ என்பதற்கு நேர்ப்பொருள் ரோக்கைப் போன்றது என்பதுதான். 2008இல் பெர்லினில் கூடிய ரோக்லைக் உருவாக்குநர் மாநாடு இதற்கு ஒரு நீண்ட இலக்கணப் பட்டியலை வகுத்தது. வகுத்த நாளிலிருந்து அதன் மேல் சண்டையும் நடக்கிறது. நமக்கு அதில் நான்கு கூறுகள் போதும்.

1. மாறும் நிலவறை. ஒவ்வொரு ஆட்டத்திலும் அறைகள், வழிகள், பொருள்கள், எதிரிகள் எல்லாம் புதிதாக அமைகின்றன.

2. மீளா மரணம். ஆட்டத்தை இடையில் நிறுத்தி மறுநாள் தொடரலாம். ஆனால் வீரன் செத்த கணமே சேமிப்புக் கோப்பும் அழிந்துவிடும். பழைய நிலைக்குத் திரும்பி ‘இன்னொரு முறை பார்ப்போம்’ என்பதற்கு இடமில்லை.

3. முறை வைத்து ஆடுதல். தாயக்கட்டை ஆட்டத்தைப் போல, கட்டம் போட்ட தரையில் ஆடுபவர் ஒன்று செய்தால்தான் எதிரி ஒன்று செய்யும். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வந்தாலும் எலி நின்ற இடத்திலேயே நிற்கும். விரல் வேகத்துக்கு இங்கே மதிப்பில்லை.

4. வளத்தின் கணக்கு. உணவு, மருந்து, ஆயுதம் எல்லாம் அளவோடுதான் கிடைக்கும். எதை எப்போது செலவழிப்பது என்பதே ஆட்டத்தின் பெரும்பகுதி.

செத்தாலும் காசோ ஆற்றலோ அடுத்த ஆட்டத்துக்குக் கூட வருமானால் அதை ‘ரோக்லைட்’ என்று தனியே பிரிப்பது வழக்கம். கடையில் ‘ரோக்லைக்’ என்று பெயரிட்டு விற்கப்படுபவற்றில் பல உண்மையில் இந்த வகைதான்.

இரண்டாம் கூறுக்கு ஒரு சுவையான விலக்கு உண்டு. நெட்ஹேக்கில் வீரன் சாகும் தளம் சில வேளைகளில் அப்படியே ஒரு கோப்பில் பத்திரப்படுத்தப்படும். பல நாள் கழித்து வேறொரு வீரனாக அதே ஆழத்துக்கு இறங்குபவர், முன்னவன் விழுந்த இடத்தையும், அவன் சேர்த்த பொருள்களையும், அவற்றுக்குக் காவலாக அவனுடைய ஆவியையும் எதிர்கொள்ள நேரலாம். அந்தக் கோப்புக்குப் பெயர் ‘எலும்பு’.

## கணினி தளத்தை எப்படி வரைகிறது

கணினிக்குத் தாயக்கட்டை உருட்டத் தெரியாது. அது செய்வதெல்லாம் கணக்கு. ஓர் எண்ணைக் கொடுத்தால், அதைக் குறிப்பிட்ட சூத்திரங்களில் பெருக்கிக் கலக்கி, பார்வைக்கு ஒழுங்கே தெரியாத எண் வரிசை ஒன்றைத் தரும். முதலில் கொடுக்கும் எண்ணை ‘விதை’ என்கிறார்கள். ஒரே விதையை எத்தனை முறை கொடுத்தாலும் அதே வரிசைதான் முளைக்கும். சென்னிமலைப் பக்கம் ஜக்கார்டு தறியைப் பார்த்தவருக்கு இது புதிதில்லை. அட்டையில் துளைகள் விழுந்த விதத்தில்தான் துணியில் பூ விழும். அட்டை மாறாதவரை எந்தத் தறியில் பூட்டினாலும் பூ மாறாது.

ஷாட்டர்டில் இந்த விதையை ஆடுபவரே கொடுக்கலாம். அது 9 ஆங்கில எழுத்துகள் கொண்ட குறியீடு. ஓர் இடத்துக்கு 26 எழுத்து வீதம் கணக்கிட்டால் 5.4 லட்சம் கோடிக்கு மேல் நிலவறைகள் வருகின்றன. பொள்ளாச்சியில் இருப்பவரும் கனடாவில் இருப்பவரும் ஆட்டத்தின் ஒரே பதிப்பில் ஒரே குறியீட்டைத் தந்தால் இருவருக்கும் முதல் தளத்தில் அறைகள் அதே இடத்தில் இருக்கும். குப்பிகளும் அதே மூலையில் கிடக்கும். ‘இன்றைய ஆட்டம்’ என்று தினமும் ஒரே நிலவறையை எல்லோருக்கும் தர முடிவதும் இதனால்தான்.

எண் வரிசை கையில் வந்தபின் தளம் உருவாவது ஏறத்தாழ இப்படி:

1. முதலில் அறைகளின் பட்டியல். நுழையும் படிக்கட்டு அறை, இறங்கும் படிக்கட்டு அறை, சில சாதாரண அறைகள், ஒன்றிரண்டு சிறப்பு அறைகள்.

2. பிறகு அவற்றை இணைத்தல். முக்கிய அறைகளை ஒரு வளையமாகவோ, எட்டு வடிவத்தில் இரட்டை வளையமாகவோ அடுக்கி, மற்றவற்றை அதன் ஓரங்களில் ஒட்டவைக்கிறார்கள். வளையமாக இருந்தால் வந்த வழியே திரும்பி நடக்கும் அலுப்புக் குறையும். பலமான எதிரியிடம் சிக்கியவருக்குச் சுற்றிக்கொண்டு ஓட ஒரு வழியும் இருக்கும்.

3. அதன்மேல் புல்லும் நீரும். இவை அழகுக்கு மட்டும் அல்ல. உயர்ந்த புல் பார்வையை மறைக்கும், தீப்பிடிக்கும்; நீரில் இறங்கினால் எரியும் தீ அணையும்.

4. கடைசியாகப் பொருள்களும் எதிரிகளும்.

நான்காம் படியில்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் செய்தி இருக்கிறது. பொருள்கள் கண்டபடி இறைக்கப்படுவதில்லை. ஆயுதத்தையோ கவசத்தையோ ஒரு படி உயர்த்தும் ‘மேம்பாட்டுச் சுருள்’ ஒவ்வொரு 5 தளத்துக்கும் 3 என்றும், உடல்வலுவைக் கூட்டும் குப்பி 2 என்றும் ஆட்டம் உறுதியாகத் தருகிறது. எந்தத் தளத்தில் எந்த மூலையில் என்பது மட்டுமே மாறும். ரேஷன் கடையில் அரிசி எந்தத் தேதியில் வரும் என்பது தெரியாவிட்டாலும் மாதத்துக்கு எத்தனை கிலோ என்பது தெரிந்திருப்பதைப் போன்றது இது. ஆடுபவர் கணக்குப் போடுவதற்கு இந்த உறுதிதான் அடிப்படை.

## நிறம் தெரியும், குணம் தெரியாது

ஆட்டத்தில் 12 அடிப்படைக் குப்பிகளும் 12 அடிப்படைச் சுருள்களும் உண்டு. ஒவ்வொரு ஆட்டத்தின் தொடக்கத்திலும் குப்பிகளின் நிறங்களும் சுருள்களின் குறிகளும் குலுக்கிப் போடப்படும். நேற்று உயிர் காத்த நீலக்குப்பி இன்று நச்சுப்புகையாக இருக்கலாம். புதிதாக ஆடுபவர் ஒவ்வொன்றாகக் குடித்துப் பார்த்துச் சாகிறார்; நீண்ட நாள் ஆடியவர் குடிப்பதற்கு முன் தளத்தைப் படிக்கிறார்.

அவர் படிக்கும் விதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. வாசல் மரத்தடுப்பால் அடைபட்ட சேமிப்பறை ஒன்று தளத்தில் இருந்தால், அதை எரிக்க வேண்டிய தீக்குப்பியையும் அதே தளத்தில் எங்காவது ஆட்டம் வைத்தாக வேண்டும் என்பது நிரலில் எழுதப்பட்ட விதி. கொலைகார மீன்கள் நீந்தும் தொட்டி அறை இருந்தால், உருமறைக்கும் குப்பி அந்தத் தளத்தில் உண்டு. தரை முழுவதும் பொறிகள் நிறைந்த அறைக்கு, மிதக்க வைக்கும் குப்பி. ஆகவே மரத்தடுப்பு உள்ள தளத்தில் முன்பின் அறியாத நிறத்தில் ஒரே ஒரு குப்பி கிடைத்தால், அதைக் குடிக்கக் கூடாது, தடுப்பின் மேல் எறிய வேண்டும். தடுப்பு எரிந்தால் அறையும் திறந்தது, அந்த நிறத்தின் குணமும் இனி இந்த ஆட்டம் முழுவதற்கும் தெரிந்தது. சுருள்களிலும் இப்படியே: தொடக்கத் தளங்களிலேயே ஒரே குறியில் இரண்டு மூன்று சேர்ந்துவிட்டால், அது மேம்பாட்டுச் சுருளாகவோ பொருளின் இயல்பைக் காட்டும் சுருளாகவோ இருக்கத்தான் வாய்ப்பு மிகுதி. மற்றவை அவ்வளவு அடிக்கடி வருவதில்லை.

இவற்றில் பலவற்றை ஆட்டம் வாய்விட்டுச் சொல்லாது. பலமுறை செத்தோ, நிரலைப் படித்தோ, ஆடியவர் சொல்லக் கேட்டோதான் தெரிந்துகொள்ள வேண்டும். வீரன் சாகும்போது அவனுடைய கவசம் போகிறது, வாள் போகிறது. மரத்தடுப்பைப் பற்றித் தெரிந்துகொண்டது போவதில்லை. அடுத்த ஆட்டம் வெறுங்கையோடு தொடங்கினாலும் வெறும் தலையோடு தொடங்குவதில்லை.

செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் இந்த ஆட்டங்களைத் தேடி வருவதற்கும் இதுவே காரணம். 2021இல் நெட்ஹேக்கை வைத்து நடந்த போட்டியில், தாமாகக் கற்கும் நரம்பு வலைப்பின்னல் நிரல்களை, மனிதர் தம் அனுபவத்தை விதிகளாக எழுதிக்கொடுத்த நிரல்கள் நன்றாகவே முந்தின. ஆட்டத்தை முழுதாக வென்றது எதுவும் இல்லை.

## இது சூதா?

திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை செய்பவருக்கு எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆயினும் வெளியே வரும் கல்தூளின் நிறத்தையும் ஈரத்தையும் பார்த்து, தொடரலாமா நிறுத்தலாமா என்று சொல்கிறார். அறியாமை இருப்பதாலேயே ஒரு செயல் சூதாகிவிடாது. ரோக்லைக்கில் இருக்கும் தற்செயலும் இந்த வகையைச் சேர்ந்தது. முழுக்க அதிர்ஷ்டம் அல்ல, முழுக்கத் திறமையும் அல்ல.

இருந்தாலும், சட்டத்தைப் பொறுத்தவரை இந்த வாதத்துக்கே இப்போது தேவை குறைந்துவிட்டது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தின் மீதான வழக்கில், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் அவற்றுக்கான தடையை நீக்கியபோது, கேள்வி ‘திறமையா, அதிர்ஷ்டமா’ என்பதாக இருந்தது. 2025இன் ஒன்றியச் சட்டம் அந்தக் கேள்வியையே ஒதுக்கிவிட்டது. பணம் கட்டி, அதற்கு ஈடாகப் பணமோ பணமதிப்புள்ளதோ கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடு ஆடும் இணைய ஆட்டம் எதுவாயினும், அது திறமையால் வெல்வதா அதிர்ஷ்டத்தால் வெல்வதா என்று பாராமல் தடைக்குள் வரும். பந்தயமாக அல்லாமல் நுழைவுக் கட்டணமோ சந்தாவோ வாங்கும் ஆட்டங்களைச் சட்டம் தனி வகையில் வைக்கிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஷாட்டர்டில் கட்டிய பணத்துக்குப் பணம் திரும்பி வரும் வழியே இல்லை. உள்ளே காணும் தங்கக்காசு ஆட்டத்துக்குள் இருக்கும் கடையில் மட்டுமே செல்லும். விளம்பரம் கிடையாது. இணைய இணைப்பு இல்லாமலேயே ஆடலாம். பெற்றோர் உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு வகை ஆட்டங்களில் வரும் ‘லூட் பாக்ஸ்’: உண்மையான காசைக் கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியை வாங்கும் ஏற்பாடு. பெட்டி இங்கும் உண்டு, அங்கும் உண்டு என்பதால் இரண்டையும் ஒன்றாக எண்ணுவது பிழை. நேரம் எவ்வளவு போகிறது என்பது வேறு கவலை. அது நியாயமான கவலையும்கூட.

## விற்கலாம், ஆனால் பேட்டர்னையும் கொடுக்க வேண்டும்

இந்தியாவின் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பின் கணக்கில் சேர்க்கிறது. எழுதியவர் அனுமதியின்றி மற்றவர் படியெடுக்கக் கூடாது என்பதே இயல்பான நிலை. உரிமம் என்பது அந்த அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் தருவது. ஒலெக் டோல்யா என்ற உருவாக்குநர், ‘வாட்டாபோ’ என்ற புனைபெயரில், 2012இல் பிக்சல் டஞ்சனை வெளியிட்டார். 2014இல் அதன் மூல நிரலை ஜிபிஎல் என்னும் உரிமத்தின் மூன்றாம் பதிப்பின்கீழ்ப் பொதுவில் வைத்தார். அந்த உரிமம் சொல்வதைச் சுருக்கினால்:

1. யாரும் எந்த நோக்கத்துக்கும் நிரலை ஓட்டலாம்.

2. யாரும் படிக்கலாம், திருத்தலாம்.

3. திருத்தியோ திருத்தாமலோ பிறருக்குக் கொடுக்கலாம். கொடுப்பதற்குக் காசும் வாங்கலாம்.

4. அப்படிக் கொடுப்பவர், தம்மிடமிருந்து பெற்றவருக்கு மூல நிரலையும் இதே உரிமத்தில் கிடைக்கச் செய்ய வேண்டும்.

கோவை வார்ப்படத் தொழிற்கூடங்களில் ‘பேட்டர்ன்’ என்பது வார்ப்புக்கு மூலமான அச்சு. பம்புக்கான கூட்டை யாரும் வார்த்து விற்கலாம். பேட்டர்னை மட்டும் யாரும் கைவிட்டுக் கொடுக்கமாட்டார்கள். ஏனென்றால் தொழிலே அதில்தான் இருக்கிறது. ஜிபிஎல் இதைத் தலைகீழாக்குகிறது: வார்ப்பை எந்த விலைக்கும் விற்கலாம், ஆனால் வாங்கியவர் கேட்டால் பேட்டர்னைக் கொடுத்தாக வேண்டும். கேட்பவர் நாளை பக்கத்துத் தெருவிலேயே பட்டறை போட்டாலும் தடுக்க முடியாது. தமிழில் இதை ‘இலவச மென்பொருள்’ என்று சொல்லாமல் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று சொல்லத் தொடங்கியவர்கள் நல்ல சொல்லைப் பிடித்தார்கள். விலையின்மை இங்கே பேச்சே அல்ல.

இதனால் முதல் இரண்டு ஐயங்களும் தீர்கின்றன. ஸ்டீமில் காசு கொடுப்பவர், தானாக வந்திறங்கும் புதிய பதிப்பு போன்ற வசதிகளுக்கும், உருவாக்குநரின் உழைப்புக்கும் கொடுக்கிறார். நிரல் அப்போதும் பொதுவில்தான் இருக்கிறது. ஒரே ஆட்டம் பல பெயர்களில் வருவதும் உரிமம் அனுமதித்ததே. நான்காம் நிபந்தனையை விழுங்கிவிட்டு, நிரலைத் தராமல், விளம்பரத்தை மட்டும் ஒட்டி வெளியிடுபவர் மட்டும்தான் வரம்பு மீறியவர். பெயருக்கான உரிமை தனி. திருப்பூரில் ஒரே நூலில் ஒரே பின்னல் எந்திரத்தில் பனியன் ஓட்டலாம். அடுத்தவருடைய லேபிளைத் தைத்து விற்க முடியாது.

உரிமத்தைத் தொடக்கத்திலேயே சரியாக எழுதாதவர்கள் பட்ட பாடும் இந்த வரலாற்றில் உண்டு. 1990இல் வார்விக் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஆங்பேண்ட்’ என்ற ஆட்டத்தின் பழைய உரிமம் வணிகப் பயன்பாட்டைத் தடுத்தது. அதை மாற்ற வேண்டுமானால் அதில் எழுதியவர்களின் ஒப்புதல் வேண்டும். பல ஆண்டுகளாகப் பலர் எழுதிய ஆட்டம். முக்கியப் பங்களிப்பாளர்களைத் தேடிப்பிடித்து இசைவு வாங்கி, ஜிபிஎல்லுக்கு மாறியது 2009இல்தான். பாகப்பிரிவினைப் பத்திரத்துக்குக் கையெழுத்து வாங்க அலைந்தவருக்கு இது புரியும்.

## தனிக்குடித்தனம்

பொதுவில் உள்ள நிரலை எடுத்துக்கொண்டு தனி ஆட்டமாக வளர்ப்பதை ‘ஃபோர்க்’ என்கிறார்கள். தனிக்குடித்தனம் என்று கொள்ளலாம். சண்டையால் பிரிவதும் உண்டு. ரோக்லைக் உலகில் பெரும்பாலும் மூத்தவர் ஓய்ந்தபோது இளையவர் எடுத்து நடத்துவதாகவே அது அமைந்திருக்கிறது. எவன் டெபன்ஹம் 2014இல் தொடங்கிய ஷாட்டர்ட் முதலில் பிக்சல் டஞ்சனின் சிறு திருத்தமாக இருந்தது; டோல்யா மூலத்தை வளர்ப்பதை நிறுத்திய பிறகும் வளர்ந்து, அதைவிடப் பெரிய ஆட்டமாயிற்று. டூயலிஸ்ட் என்ற புதிய நாயகி வந்தது 2023இல். லின்லி ஹென்செல் 1990களில் எழுதிய ‘டஞ்சன் கிரால்’ தேங்கிப்போன பிறகு, 2006இல் ஆர்வலர் குழு ஒன்று அதை எடுத்து ‘டஞ்சன் கிரால் ஸ்டோன் சூப்’ ஆக்கியது. வெறும் கல்லைப் பானையில் போட்டு ஊரார் ஆளுக்கொன்றாகக் காய் போட்டுச் சாறு வைத்த நாடோடிக் கதையிலிருந்து வந்த பெயர் அது.

ஸ்டோன் சூப் குழுவின் சிறப்பு, சேர்ப்பதைவிட நீக்குவதில் இருக்கிறது என்பது என் கருத்து. ஆடுபவர் உண்மையாகவே யோசித்து முடிவெடுக்க வேண்டியிராத எதுவும் ஆட்டத்தில் இருக்கக் கூடாது என்பது அவர்கள் எழுதி வைத்திருக்கும் கொள்கை. ரோக் காலத்திலிருந்தே வரும் பசியையும் உணவையும் 2021இல் வந்த 0.26ஆம் பதிப்பில் ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டார்கள். உணவு பெரும்பாலும் போதுமான அளவு கிடைத்ததால், பசி என்பது அவ்வப்போது ஒரு பொத்தானை அழுத்தும் சடங்காகிவிட்டது என்பது அதன் பின்னால் இருந்த எண்ணம். ஷாட்டர்டில் பசி இன்றும் உண்டு. ஒரே தளத்தில் உட்கார்ந்து காலம் கடத்துபவரைப் பட்டினி கீழே தள்ளுகிறது. இரண்டும் சரி. மூலனூர்ப் பக்கம் முருங்கையைக் கவாத்து செய்பவர் எந்தக் கிளையை வெட்டுவது என்பதை மரத்துக்கு மரம் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். நிரல் பொதுவில் இருப்பதால் பசி பிடித்தவர் பழைய பதிப்பிலேயே இருந்துகொள்ளலாம், அதிலிருந்து தனிக்குடித்தனமும் போகலாம்.

## தமிழில் கொண்டுவரும்போது

ஷாட்டர்டின் மொழிபெயர்ப்புகள் தன்னார்வலர்கள் செய்பவை. தமிழில் செய்ய முனைபவர் இரண்டு இடங்களில் முட்டிக்கொள்வார்.

முதலாவது எழுத்துரு. ‘கொ’ என்பது யூனிகோடில் ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு குறியீடுகள். ஆனால் திரையில் ககரத்துக்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் வர வேண்டும். சேமிக்கும் வரிசையும் காட்டும் வரிசையும் வேறு. இதைச் சரியாக அடுக்க எழுத்து வடிவமைப்பு இயந்திரம் ஒன்று வேண்டும்; உலாவிகளிலும் ஆண்ட்ராய்டிலும் அது உள்ளது. ஷாட்டர்ட் நிற்கும் ‘லிப்ஜிடிஎக்ஸ்’ போன்ற ஆட்டச் சட்டகங்களோ, வழக்கமாக ஒரு குறியீட்டுக்கு ஒரு படம் என்று வரைந்துகொண்டு போகின்றன. அப்படி வரைந்தால் தமிழ்ச் சொற்கள் கொம்பு ஓரிடம் கால் ஓரிடமாகச் சிதறும். நெட்ஹேக் போன்ற டெர்மினல் ஆட்டங்களில் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற கணக்கு வேறு. ‘ஔ’வுக்கும் ‘ர’வுக்கும் ஒரே அகலம் என்றால் கண் ஒப்புவதில்லை.

இரண்டாவது இலக்கணம். ஆட்டங்கள் செய்திகளை அச்சு வாக்கியங்களாக வைத்திருக்கின்றன: இடைவெளி விட்ட இடத்தில் எதிரியின் பெயரைச் செருகினால் ஆங்கிலத்தில் வேலை முடிந்தது. தமிழில் ‘எலி’ எலியை ஆகும், ‘நண்டு’ நண்டை ஆகும், ‘பூதம்’ பூதத்தை ஆகும். வெறுமனே ஐகாரத்தை ஒட்டினால் ‘பூதம்ஐ’ என்று நிற்கும். ஒவ்வொரு பெயருக்கும் வேற்றுமை வடிவங்களைத் தனியே எழுதி வைப்பது ஒரு வழி. உருபே தேவைப்படாதபடி ‘எலி: அடி விழுந்தது’ என்று வாக்கியத்தை மாற்றியமைப்பது இன்னொரு வழி, வறட்சியாக இருந்தாலும் பிழை வராது. நாயகனா நாயகியா என்பதற்கேற்ப வினைமுற்று மாற வேண்டும் என்பது இதற்கு மேல். ஆட்டம் ஆடுபவரை ‘நீ’ என்பதா ‘நீங்கள்’ என்பதா என்பதை முடிவு செய்யும் குழுவில் கொங்கு நாட்டுக்காரர் ஒருவர் இருந்தால், எலி கடித்த செய்தியிலும் ஒரு ‘ங்க’ வந்து சேர்ந்துவிடும்.

## நிரலுக்குள் இறங்க விரும்புபவர் அறிய வேண்டியவை

திறமூலம், அதாவது மூல நிரல் பொதுவில் திறந்திருக்கும் ஆட்டம், என்றதும் யார் எழுதி அனுப்பினாலும் சேர்த்துக்கொள்வார்கள் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். உரிமம் அப்படிச் சொல்லவில்லை. ஷாட்டர்டின் நிரல் முழுவதும் பொதுவில் இருக்கிறது. ஆனால் வெளியாரின் நிரல் திருத்தங்களைச் சேர்த்துக்கொள்வதில்லை என்று அதன் களஞ்சியத்தின் முகப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். எடுத்துச் சென்று சொந்தமாக ஆட்டம் செய்துகொள்ள மட்டுமே அது திறந்திருக்கிறது. கூடி எழுத விரும்புபவருக்கு ஸ்டோன் சூப், ‘கேட்டகிளிசம்: டார்க் டேஸ் அஹெட்’ போன்றவை பொருத்தம், இரண்டும் சி++ மொழியில் எழுதப்பட்டவை, இரண்டிலும் பலர் எழுதுகிறார்கள். ஷாட்டர்ட் ஜாவாவில் இருப்பதால், நம் பொறியியல் கல்லூரிகளில் ஜாவா படித்தவருக்குத் தனியே படித்துப் பார்க்க அதுவே எளிது. தளம் வரையும் பகுதி, குப்பிகளின் பகுதி, எதிரிகளின் பகுதி என்று அடைவுகள் தெளிவாகப் பிரிந்திருக்கின்றன. மரத்தடுப்பு விதியை அங்கே கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

சொந்தப் பதிப்பு செய்து நண்பர்களுக்குத் தருபவர் செய்ய வேண்டியவை மூன்று. ஆட்டத்தின் பெயரையும், ஆண்ட்ராய்டு செயலிகளைப் பிரித்தறியும் அடையாளப் பெயரையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால், கையொப்பம் வேறாக இருப்பதால், ஏற்கெனவே ஷாட்டர்ட் உள்ள கைப்பேசியில் அது நிறுவப்படவே மாட்டாது. திருத்திய மூல நிரலைப் பெறும் வழியையும் செயலியோடு சேர்த்துத் தர வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் உள்ள பதிப்புரிமைக் குறிப்பு. அங்கே முதலில் ஒலெக் டோல்யாவின் பெயரும், அதற்குக் கீழே எவன் டெபன்ஹமின் பெயரும், ஆண்டுகளோடு இருக்கும். அந்த இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு, தம் பெயரை மூன்றாவதாகக் கீழே சேர்த்துக்கொள்ளலாம்.